இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை

பாராளுமன்ற நடவடிக்கைப் புத்தகங்களில் நான் எழுதிய வாக்கியங்கள் இரண்டு அச்சாகியிருக்கின்றன. என் பெயரில் இல்லை. முதலாவது, எங்கள் உறுப்பினர் கேட்ட கேள்வியாக இருக்கிறது. இரண்டாவது, விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நட்டுப் பிழைத்த ஒரு தாயின் நன்றிக் கடிதமாக இருக்கிறது. முதலாவதை அச்சில் பார்த்த அன்று திண்டிவனம் கடைத்தெருவில் கால் தரையில் பாவாமல் நடந்தேன். இரண்டாவதைப் பார்த்ததும் அந்தப் புத்தகத்தை அலமாரியின் அடித்தட்டில், பழைய வாக்காளர் பட்டியல்களுக்குக் கீழே செருகிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதை வெளியே எடுப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால், என் மேல்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டிவனத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடம் வேலை பார்த்தேன். அவர் பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபி, எனக்குச் சரியான ஜோடி. வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்கு மேலே மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். அறுவடைக் காலத்தில் கீழே மூட்டை கொட்டினால் செம்மண் தூசி மேலேறி வந்து டைப்ரைட்டருக்குள் புகுந்துகொள்ளும். வாரத்தில் பாதி நாள் நான் அதைத் துடைத்தேன், மீதி நாள் அதில் தட்டினேன்.

என் வேலை மனு எழுதுவது. கலெக்டருக்கு என்றால் தமிழில், டெல்லிக்கு என்றால் ஆங்கிலத்தில். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெரிய அபிப்பிராயம் இருந்தது. இந்த வேலையில் எனக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, முழு விலாசம் இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும். இன்னார் மகன் இன்னார், இன்ன கிராமம், இன்ன அஞ்சல், விழுப்புரம் தாலுகா, தென்னாற்காடு ஜில்லா என்று ஆளைக் கையோடு பிடித்துக் காட்டுகிற மாதிரி எழுத வேண்டும். கிணறு கேட்டாலும் சரி, பென்ஷன் கேட்டாலும் சரி, ஆள் யாரென்று தெரியாவிட்டால் யாரும் எதுவும் தரமாட்டார்கள். இரண்டாவது விதி உறுப்பினர் போட்டது. காரியம் நடந்துவிட்டால் உடனே ஒரு நன்றிக் கடிதம் போக வேண்டும். சர்க்காரும் மனுஷன்தான், நன்றி சொன்னால் அடுத்த தடவை முகம் கொடுப்பான் என்பார். அதற்காகவே நான்கு வரியில் ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருந்தேன். பெயரையும் விஷயத்தையும் மாற்றினால் போதும்.

உறுப்பினருக்கு ஒரு மனக்குறை இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் விளக்கு எரியவில்லை என்று அவர் கேட்டால் ரயில்வேயிலிருந்து இரண்டு பக்கம் பதில் வரும். ஆனால் பட்ஜெட்டிலேயே பெரிய பங்கை வாங்கிக்கொண்டு போகிற பாதுகாப்பு அமைச்சகத்தைப் பற்றி எதைக் கேட்டாலும், பொதுநலன் கருதி வெளியிடுவதற்கில்லை என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுவார்களாம். அந்தச் செலவுக்கான மானியக் கோரிக்கை மேல் ஒன்றிரண்டு நாள் பேசுவார்கள், சாயங்காலம் கை தூக்குவார்கள், கோடிகள் போய்விடும். அந்தப் பணம் எல்லையில் நிற்கிறவனிடம் என்னவாகப் போய்ச் சேருகிறது என்று கேட்க ஒரு நூல்முனை கூடக் கிடைக்கவில்லை என்று டெல்லியிலிருந்து வரும்போதெல்லாம் என்னிடம் புலம்புவார். நான் தலையாட்டுவேன். நமக்கெதற்கு அதெல்லாம் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நூல்முனை ஒரு கார்த்திகை மாதத்து மழை நாளில் மாடிப்படி ஏறி வந்தது. சீனச் சண்டைக்கு முந்தைய வருஷம். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. தலையில் போட்டிருந்த கோணிச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வராமல் கடைசிப் படியிலேயே நின்றாள். இன்னாம்மா வேணும் என்று கேட்டேன். கம்பளி மேஜோடு இரண்டு ஜோடி வேண்டும் என்றாள். காலுறையை அப்போது எங்கள் பக்கத்தில் மேஜோடு என்போம்.

திண்டிவனத்தில் கம்பளிக் காலுறை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலையிலிருந்து கடைத்தெருவில் இருக்கிற அத்தனை ஜவுளிக் கடையிலும் கேட்டுவிட்டாளாம். ஒருவர் மல் வேட்டியைக் காட்டினாராம். ஒருவர், ஐஸ் பெட்டிக்குள் படுக்கப் போகிறாயா என்றாராம். கடைசிக் கடைக்காரர், டெல்லிக்குப் போய் வருகிறவர் மாடியில் இருக்கிறார், அவரைக் கேள் என்று கையைக் காட்டிவிட்டாராம். அது கேலி என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்பிக்கையோடு ஏறி வந்திருந்தாள்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். மகன் பட்டாளத்தில் இருக்கிறான், வடகிழக்கே ஏதோ மலையில். அங்கிருந்து எழுதுகிற கடிதத்தை மேலதிகாரிகள் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் இது அப்படி வந்ததில்லை. லீவில் திருவண்ணாமலைப் பக்கம் போன ஒரு சிநேகிதன் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறும்போது தபால் பெட்டியில் போட்டிருந்தான். அதனாலேயே அதில் உண்மை இருந்தது. எட்டாவது படித்த பையனின் கொச்சையான தமிழ். கொடுத்திருப்பது கித்தான் பூட்சு, ஈரம் உள்ளே வந்துவிடுகிறது, காலையில் எழுந்ததும் கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். யாரையும் குறை சொல்லவில்லை. கம்பளியில் இரண்டு ஜோடி மேஜோடு கிடைத்தால் பார்சலில் அனுப்பு, கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று முடித்திருந்தான்.

நான் படித்துக் காட்டும்போது அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தாள். அவர்கள் சேரியில் முதன்முதலில் பூட்சு போட்டவன் அவள் மகன்தானாம். முதல் லீவில் வந்தபோது ஊர்த்தெரு முனையில் அதைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, சேரிக்குள் வந்த பிறகு மாட்டிக்கொண்டானாம். அதை ஒரு குறையாக அவள் சொல்லவில்லை. வெயில் அடித்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். என் சொந்த ஊரில் எங்கள் தெருவிலும் அதுதான் வழக்கம். எத்தனையோ பேர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அன்றைக்கு அது எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தை மறைக்க, உட்காரம்மா என்று அதட்டினேன். அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

அன்று உறுப்பினர் ஊரில் இருந்தார், மறுநாள் கூட்டத்தொடருக்குக் கிளம்ப வேண்டும். கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதற்கு நான் சாட்சி.

"நூல் கெடைச்சிடுச்சுய்யா. இதைப் புடிச்சிக்கினே போயிடலாம்" என்றார்.

அந்த அம்மாள் காலுறைதான் கேட்டு வந்திருக்கிறாள் என்று நான் நினைவுபடுத்தினேன். டெல்லியில் குளிர்காலத்தில் நடைபாதையிலேயே விற்பார்கள் என்று அவரே ஒரு முறை சொல்லியிருந்தார். அவர் யோசித்துவிட்டுச் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "நாம வாங்கி அனுப்பினா ஒருத்தன் காலுதான் சூடாவும். சபையில கேட்டா எல்லார் காலும் சூடாவும்."

அருமையான பேச்சு என்று எனக்குத் தோன்றியது. மெய்யாகவே சிலிர்த்துவிட்டது. அது தப்பான பேச்சு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது. படியில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், உன் மகன் விஷயம் டெல்லிக்கே போகிறது, நிம்மதியாகப் போ என்றேன். அவள் எழுந்து கும்பிட்டாள். அப்போ மேஜோடு எப்போ வரும் என்று கேட்டாள். எல்லாம் வரும் என்றேன்.

கேள்வியை நான்தான் வரைந்தேன். பனிமலைக் காவலில் இருக்கும் ஜவான்களுக்குக் கித்தான் காலணிகளே வழங்கப்பட்டிருப்பது உண்மையா, கம்பளிக் காலுறைகள் போதுமான அளவில் உள்ளனவா என்று இரண்டு பகுதி. வாய்மொழியாகப் பதில் வரவேண்டும், மேற்கொண்டு துணைக் கேள்வி கேட்கலாம் என்பதற்காக அதன் தலையில் நட்சத்திரக் குறி. கூடவே ஆதாரமாகப் பையனின் கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டி வைத்தேன். அந்த மொழிபெயர்ப்பின் அடியில், கை தன் பழக்கத்தில், பையனின் பெயர், பட்டாளத்து எண், அவன் பிரிவு, இன்னார் மகன், இன்ன கிராமம், விழுப்புரம் தாலுகா, தென்னாற்காடு ஜில்லா என்று தட்டி முடித்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. விலாசம் இல்லாத மனு குப்பைக்குப் போகும் அல்லவா?

ஒரு சிப்பாய் தன் குறையை மேலதிகாரியைத் தாண்டி அரசியல்வாதிக்குச் சொல்லக் கூடாது என்பது பட்டாளத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. கிணற்று மனு எழுதுகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். திண்டிவனத்தில் ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

கேள்வி வந்தது. பதிலும் வந்தது. நடவடிக்கைப் புத்தகம் கட்டு கட்டாகத் தபாலில் வரும். அந்த இதழைப் பிரித்து என் வாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. அமைச்சகத்தின் சார்பில் எழுந்தவர், அப்படி இல்லை, தேவையான அனைத்தும் வழங்கப்பட்டுள்ளன என்று சொல்லியிருந்தார். எங்கள் உறுப்பினர் விடவில்லை. என் தொகுதி ஜவான் ஒருவனின் கடிதம் என் கையில் இருக்கிறது என்று எழுந்தார். அதைக் கொடுத்தால் விசாரிக்கிறோம் என்றார் அவர். உறுப்பினர் கொடுத்துவிட்டார். சபையில் பெயரை யாரும் வாசிக்கவில்லை. காகிதம் மட்டும் கை மாறியது. நான் தட்டியதன் கார்பன் பிரதியை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அடியில் விலாசம் பளிச்சென்று இருந்தது. அப்போதும் எனக்குப் பெருமைதான்.

பொங்கல் கழிந்து சில வாரத்தில் அந்த அம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு, இடுப்பில் ஒரு கூடை மல்லாட்டை. மல்லாட்டை மண்டிக்கு மேலே இருக்கிறவனுக்கு மல்லாட்டை கொண்டு வந்த ஒரே ஆள் அவள்தான். மகனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, பக்கத்துத் தெருப் பையன் படித்துச் சொன்னான், ஒரு குறையும் இல்லையாம், நீங்களும் ஒரு தடவை படியுங்கள் என்றாள்.

படித்தேன். அன்புள்ள தாயார் அவர்களுக்கு என்று தொடங்கியது. தங்கள் மகன் இங்கே சௌக்கியமாக இருப்பதாகவும், உடை, காலணி, உணவு முதலிய எல்லாம் போதுமான அளவில் இருப்பதாகவும், முன்பு எழுதிய கடிதம் அறியாமையால் எழுதப்பட்டது என்றும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே மட்டும் அவன் ஒப்பம், பெரிய பெரிய எழுத்தில்.

ஆயிரக்கணக்கான மனு எழுதியவன் நான். ஒருவன் பேசுவது சொந்தப் பேச்சா, வேறொருவன் எழுதிக் கொடுத்த பேச்சா என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இது உன் மகன் கையெழுத்தா என்று கேட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒப்பம் அவனுதுதாங்கய்யா, இப்படித்தான் பெருசா போடுவான் என்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே, உன் மகனை மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள், காரணம் நான் போட்ட விலாசம் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்பதுதான் நிஜம். எனக்கு என் பெயர் கெட்டுவிடக் கூடாது, அவள் கண்ணில்கூட.

சர்க்காருக்கு நன்றி சொல்லி எழுத வேண்டும் என்று அவளே ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அவள் விடவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், அந்தக் கோபம் பையன் மேல் விழும் என்றாள். அது நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். உறுப்பினரின் விதியும் அதுதான். சரி என்று மாதிரிக் கடிதத்தை எடுத்தேன். இன்னாம்மா எழுதணும் என்று கேட்டேன்.

"எம்புள்ள கால்ல பூட்சு கீதுங்க. எங்க சனத்துக்கு அதுவே பெருசு. அதுக்கு மேல நாங்க இன்னாத்த கேக்கப் போறோம்?"

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் எழுதியது வேறு. தமிழில் சொன்னால், என் மகனுக்கு இனி எந்தக் குறையும் இல்லை என்பதையும், அவனுக்கு எதுவும் தேவையில்லை என்பதையும் மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று வரும். அந்த ஆங்கிலம் வழவழவென்று கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட வாக்கியம் எழுதுவது எனக்குப் பிடிக்கும். அடியில் முழு விலாசம். அவள் கைநாட்டு.

கிளம்பும்போது படியில் நின்று திரும்பினாள். மையைத் துடைத்த விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே, அந்த மேஜோடு மட்டும் எங்கேயாவது கெடைச்சா சொல்லுங்கய்யா என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சி இருக்கிறவனுக்கு வருகிற கோபம் அது.

"அதான் எல்லாம் குடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கானே. இனிமே எதுக்கு?" என்றேன்.

ஆமாங்கய்யா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் பாதுகாப்பு மானியம் வந்தது. வேறு மாகாணத்து உறுப்பினர் ஒருவர், மலைக் காவலர்களின் காலணி பற்றி விவாதிப்பதற்காக அந்தக் கோரிக்கையில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுத்திருந்தார். நூறு ரூபாய் பெயருக்குத்தான். அதைச் சாக்காக வைத்து சபையைப் பேச வைக்கலாம். எங்கள் உறுப்பினரும் பேச இருந்தார். பதில் சொன்னவர், இந்தப் புகாரை முன்பு கிளப்பிய உறுப்பினரே அனுப்பிவைத்த கடிதம் என்று சொல்லி, அந்த அம்மாளின் நன்றிக் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தார். மேசையைத் தட்டினார்களாம். புத்தகத்தில் அந்த இடத்தில் ஆரவாரம் என்று அடைப்புக்குள் போட்டிருந்தது. வெட்டுத் தீர்மானம் விழுந்தது, சாயங்காலம் கோடிகள் நிறைவேறின.

உறுப்பினர் ஊருக்கு வந்தபோது என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடிதத்துக்கு மேலே முன்குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவர்தான், வழக்கம் போலப் படிக்காமல். புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, ஃபைல் பண்ணிடுய்யா என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த அமைச்சகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டி விளக்குக்கே திரும்பிவிட்டார்.

ஐப்பசியில் சண்டை வந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோ முன்னால் கூட்டம் கூடி நின்றது. ஜனங்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஜவான்களுக்குப் பின்னல் வேலை தொடங்கினார்கள். மெட்ராசிலிருந்து மூட்டை மூட்டையாகக் கம்பளி நூல் வந்து இறங்கியது. திண்டிவனத்தில் கம்பளி கிடைக்க ஒரு சண்டை வர வேண்டியிருந்தது. வாரம் ஒரு முறை அந்த அம்மாள் விக்கிரவாண்டியிலிருந்து பஸ்ஸேறி வந்து, கடிதம் ஏதாவது வந்ததா என்று என்னிடம் கேட்பாள். அவளுக்கு வர வேண்டிய கடிதம் எனக்கு எப்படி வரும்? ஆனால் போன தடவை எல்லாம் என் வழியாகத்தானே நடந்தது. நான் இல்லையம்மா என்பேன். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சர்கள் பின்னுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் பஸ்ஸேறுவாளாம்.

சண்டை நின்ற பிறகும் பல வாரம் தகவலே இல்லை. பிறகு பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. உயிரோடு இருக்கிறான், பனியில் கருகிப்போன கால் விரல்களை எடுத்துவிட்டார்கள், இரண்டு காலிலும். பட்டாளத்திலிருந்து விடுவித்து அனுப்புகிறார்கள். அதை அவளுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். விரல்தானே, காலு இருக்குதில்ல என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இருக்குதும்மா என்றேன்.

அவன் வருகிற வண்டி விக்கிரவாண்டியில் நிற்காது, விழுப்புரம் ஜங்ஷனில்தான் இறங்க வேண்டும். உறுப்பினர் ஒரு ரோஜா மாலை வாங்கிக் கொடுத்து என்னை அனுப்பினார். பத்திரிகைக்குப் படம் பிடிக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது, அதை நான் சண்டை போட்டு நிறுத்தினேன். அந்த ஒன்றையாவது செய்தேன். பிளாட்பாரத்தில் வெயில் கொளுத்தியது. அந்த அம்மாள் இன்னும் வரவில்லை. வண்டி வந்து நின்றதும், கோலை ஊன்றிக்கொண்டு, துணிச் செருப்பில், குதிகாலால் நடந்து ஒருவன் இறங்கினான். இருபத்திரண்டு வயதிருக்கும். கேட்காமலே அடையாளம் தெரிந்தது, அம்மாளின் முகம்.

திண்டிவனத்திலிருந்து வருகிறேன், உறுப்பினர் ஆபீசிலிருந்து என்று சொன்னேன். மாலையைப் போடக் கையைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றுவிட்டது.

"எங்கம்மா பேர்ல இங்கிலீஷ்ல கடுதாசி எழுதினது நீங்களா சார்?"

நான்தான் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. முதல் கடிதத்தின் மொழிபெயர்ப்பு டெல்லியிலிருந்து அவனுடைய மேலதிகாரியின் மேசைக்கு, அடியில் விலாசத்தோடு வந்து சேர்ந்ததாம். ஒரு நாள் முழுக்க நிற்க வைத்துக் கேட்டார்களாம். பட்டாளத்துக் கிளார்க் எழுதிய கடிதத்தில் ஒப்பம் போட்டதும் விட்டுவிட்டார்களாம். அதோடு முடிந்தது என்று நினைத்தானாம். பிறகு மழைக்காலம் முடிகிற சமயத்தில் நல்ல தோல் பூட்சும் கம்பளி சாக்சும் கொஞ்சம் வந்தன, எல்லோருக்கும் போதாது, யாருக்கு அவசியம் என்று பட்டியல் போட்டார்கள் என்றான்.

"என் பேரு வந்துச்சு சார். இவனுக்கு எதுவும் தேவையில்லைன்னு இவங்கம்மாவே எழுதிக் குடுத்து, சபையிலேயே படிச்சாங்களே, அடுத்த ஆளைப் பாருன்னுட்டாங்க."

அது நான் ரசித்து எழுதிய வாக்கியம். மேசையைத் தட்டிய சபை, பதில் படித்தவர், பட்டியல் போட்ட அதிகாரி, இவர்கள் எல்லோர் மேலும் பழி போட இடம் இருந்தது. போட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் இவனுக்கும் பூட்சுக்கும் நடுவில் கடைசியாக வந்து நின்றது என்னுடைய ஆங்கிலம். மன்னிச்சுக்கப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அதற்குள் வேறொன்று கேட்டான்.

"எங்கம்மா உங்ககிட்ட கேட்டது சாக்சு மட்டும்தான், இல்ல சார்?"

ஆமாம் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

அப்போது பிளாட்பாரத்து நடைபாலத்தின் படியில் இறங்கி அந்த அம்மாள் ஓடி வந்தாள். மகன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். அழவில்லை. உடனே தரையில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே கரும்பச்சைக் கம்பளியில் ஒரு ஜோடிக் காலுறை. வேலிக்கு வெளியே வாரா வாரம் நின்றவளைப் பார்த்து ஒரு டீச்சர் பின்னிக் கொடுத்தாராம், இன்னொரு ஜோடியும் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அந்த விழுப்புரம் வெயிலில், பிளாட்பாரத்தில், மகனின் துணிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையை ஒவ்வொன்றாக மாட்டினாள். அவன் தடுக்கவில்லை.

முழுக் காலுக்குப் பின்னியது. விரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தொங்கியது. அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு தொங்கிய கம்பளியை உள்ளங்காலுக்கு அடியில் நன்றாக மடித்து வைத்து, பாதத்தைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அளவு சரியா இருக்குதுங்களாய்யா என்று கேட்டாள்.

மகனும் என்னைப் பார்த்தான். சரியாக இருக்கிறது என்றேன்.